ஃபோர்ட்டிங்கால்: ஒரு ஸ்காட்லாந்து குக்கிராமம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எடின்பரோவில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் வண்டி எடுத்துக்கொண்டு பெர்த்ஷயர் பக்கம் கிளம்புவோம். பாதித் தடவை ஃபோர்ட்டிங்காலில்தான் போய் நிற்போம். வருகிற ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பதில் சொல்லிச் சலித்துப்போய்த்தான் இதை எழுதி வைத்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இந்த ஊர் சரியா எங்கே இருக்கு? மேப்ல தேடினா சட்டுனு கண்ல படலையே?

ஸ்காட்லாந்தின் நடுவில், பெர்த்ஷயர் மலைப்பகுதியில். பக்கத்து டவுன் ஆபர்ஃபெல்டி, சுமார் 13 கிலோமீட்டர். எடின்பரோவிலிருந்து பெர்த் தாண்டி, ஏ9 சாலையில் பாலின்லூயிக் வரை வந்து ஆபர்ஃபெல்டிக்குத் திரும்ப வேண்டும். அங்கே 1733இல் ஜெனரல் வேட் கட்டிய கல்பாலத்தைத் தாண்டினால் கோஷிவில் என்ற முக்கு வரும். அதில் இடதுபக்கம் போனால் ஃபோர்ட்டிங்கால்.

வழியில் 'டல்' என்று ஒரு ஊர்ப் பலகை தென்படும். நிஜமாகவே ஊர்ப் பெயர் அதுதான். 2012இல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் உள்ள 'போரிங்' என்ற ஊரோடு ஜோடி சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் ஆஸ்திரேலியாவின் 'பிளாண்ட்' என்ற வட்டாரமும் சேர்ந்துகொண்டது. வண்டியில் பிள்ளைகள் இருந்தால் இங்கே ஐந்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.

ஃபோர்ட்டிங்கால்னா என்ன அர்த்தம்?

ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கில் ஊர்ப் பெயர் ஃபார்ட்டெர்கில். கடைசியில் வரும் 'கில்' என்றால் தேவாலயம். முன்பாதிக்குச் செங்குத்துச் சரிவு என்று ஒரு விளக்கம், கோட்டை என்று இன்னொரு விளக்கம். 'சரிவடித் தேவாலயம்' என்றோ 'கோட்டைத் தேவாலயம்' என்றோ வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு மேலே பாறைச்சரிவும் இருக்கிறது, அதன்மேல் ஒரு பழைய கோட்டை மேடும் இருக்கிறது. அதனால் இரண்டு கட்சிக்கும் சாட்சி கைவசம் உண்டு.

ஊர்ல என்னதான் இருக்கு?

ஒரே தெரு. நாணல் கூரை வேய்ந்த சில வீடுகள், ஒரு ஹோட்டல், ஒரு தேவாலயம், அதன் முற்றத்தில் ஒரு யூ மரம் (yew, ஊசியிலை வகை). சுற்றி ஆட்டு மந்தை மேயும் வயல். மேற்கே லையன் ஆறு ஓடிவரும் நீண்ட பள்ளத்தாக்கின் வாய். அந்தப் பள்ளத்தாக்குக்குக் கிளென் லையன் என்று பெயர், நீளம் ஏறத்தாழ 54 கிலோமீட்டர். ('கிளென்' என்றால் பள்ளத்தாக்கு, 'லாக்' என்றால் ஏரி. இலங்கை மலையகத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டதும் "எங்க பக்கத்து கிளென்லாக் தோட்டத்துக்கு இதுதான் அர்த்தமா" என்று வாய்விட்டுச் சிரித்தார்.)

பத்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் இங்கே பழசாகத் தெரிவது எல்லாம் பழசு இல்லை, நிஜமாகவே பழசானது சுலபத்தில் கண்ணில் படாது. அதைப் புரிந்துகொள்ளத்தான் நேரமாகும்.

அந்த மரத்துக்கு நிஜமாவே 5000 வயசா?

இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 9000 என்றுகூட ஒரு காலத்தில் கிளப்பிவிட்டார்கள். நிதானமாகப் பேசுகிறவர்கள் 2000 முதல் 3000 என்கிறார்கள். பிரிட்டனிலேயே மிக வயதான மரங்களில் ஒன்று என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

துல்லியமாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் எளிது. மரத்தின் வயதை உள்வளையங்களை எண்ணித்தான் சொல்வார்கள். யூ மரம் வயதானால் நடுவயிரம் மக்கி உள்ளே பொந்தாகிவிடும். எண்ண வேண்டிய பகுதியே போய்விட்ட பிறகு எதை எண்ணுவது? மிஞ்சுவது சுற்றளவு மட்டும்தான். 1769இல் டெய்ன்ஸ் பாரிங்டன் அளந்தபோது 52 அடி. அதே காலத்தில் தாமஸ் பென்னன்ட் அளந்து 56 அடி 6 அங்குலம் என்று எழுதினார். கிட்டத்தட்ட 16, 17 மீட்டர். யூ மரம் எவ்வளவு மெதுவாகப் பருக்கும் என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவதால் ஆளுக்கொரு வயது வருகிறது.

மரம் எங்கேப்பா? எனக்குத் தெரியறது நாலஞ்சு சின்ன மரம்தானே?

அந்த நாலைந்தும் சேர்ந்துதான் ஒரு மரம். எங்கள் மாமா இதை நம்பவே இல்லை. கம்பிக்கதவுக்கு வெளியே நின்று, "இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே" என்றார்.

அவரை மதிலோரம் குனியச் சொன்னேன். உள்ளே தரையில் சின்னச் சின்ன மரமுளைகள் வட்டமாக அடிக்கப்பட்டிருக்கும். ஒரு காலத்தில் அடிமரம் அந்த வட்டம் முழுக்க நிறைந்திருந்தது என்பதற்கு அடையாளம். அந்த முளைகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் தொட்டுக்கொண்டே போனால், நடுவில் வெறும் காற்றாக இருக்கும் இடமெல்லாம் மரமாக இருந்தது புரியும். மாமா இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கேமராவை எடுத்தார்.

நடுமரம் அழிந்ததற்கு வயது மட்டும் காரணம் இல்லை. வந்தவர்கள் ஞாபகார்த்தம் என்று வெட்டி வெட்டிக் கிண்ணம் கடைந்தார்கள், ஊர்ப் பையன்கள் மே மாத பெல்டேன் திருவிழாவுக்கு அதன் அடியிலேயே தீ மூட்டினார்கள். பிளவு பெரிதாகி, அதன் வழியாகச் சவ ஊர்வலமே போனதாகச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் சுற்றி மதில் எழுப்பினார்கள்.

ஆண் மரம் பெண் மரமா மாறிடுச்சாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு.

முழு மரமும் மாறவில்லை. யூவில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரம் மகரந்தம் விடும், பெண் மரத்தில்தான் செம்பழம் காய்க்கும். இது பல நூற்றாண்டுகளாக ஆண் மரம் என்று பதிவாகியிருந்தது. 2015இல் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த மேக்ஸ் கோல்மன், உச்சிப் பக்கத்தில் ஒரு சிறு கிளையில் மட்டும் மூன்று பழங்களைப் பார்த்தார். ஊசியிலை மரங்களில் இப்படி ஒரு கிளை மட்டும் மாறுவது உண்டு. மற்ற கிளைகள் ஆணாகவே இருந்தன. வாட்ஸ்அப்பில் மரம் முழுக்க மாறியாச்சு.

ஒரு சின்னக் குச்சி ஒடிச்சுக்கிட்டா என்ன? யாரும் பார்க்கல.

வேண்டாம். 2019இல் இந்த மரத்துக்கு நேர்ந்ததே அதுதான். வருகிறவர்கள் மதிலுக்குள் ஏறி இறங்கிக் கிளை ஒடிக்கிறார்கள், மணியும் ரிப்பனும் கட்டுகிறார்கள், மரம் வாடுகிறது என்று பராமரிப்பவர்கள் பகிரங்கமாக முறையிட வேண்டி வந்தது. மேலே சொன்ன கிண்ணக்காரர்களுக்கும் நமக்கும் 200 வருட வித்தியாசம்தான்.

இன்னொன்று, யூ விஷ மரம். செம்பழத்தின் சதையைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாமே நஞ்சு. (அதே யூ இலையிலிருந்துதான் டோசிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்துக்கு மூலப்பொருள் கிடைத்தது. அது வேறு கதை.) மரத்தின் வாரிசைப் பற்றிக் கவலை வேண்டாம். இதன் பதியன்களை எடின்பரோ பூங்காவில் யூ வேலியாக வளர்க்கிறார்கள்.

பொந்தியு பிலாத்து இந்த ஊர்ல பிறந்தவர்னு சொன்னாங்களே, உண்மையா?

இயேசுவைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த அதே பிலாத்துதான். ரோமத் தூதர் ஒருவர் இங்கே வந்தாராம், உள்ளூர்ப் பெண்ணுக்கும் அவருக்கும் பிறந்த பிள்ளையாம், இந்த யூ மரத்தடியில் விளையாடினானாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்கு உதைக்கிறது. பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. ரோமர்கள் பிரிட்டனைப் பிடிக்கப் படை அனுப்பியதே கி.பி. 43இல். ரோமத் தளபதி அக்ரிகோலாவின் படை இந்தப் பகுதியின் டே ஆற்றுப் பக்கம் வந்தது 79 வாக்கில். அதற்குள் பிலாத்து பதவியை விட்டு இறங்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊருக்கு அருகே 'ரோம முகாம்' என்று காட்டுகிற மேடும் பள்ளமும்கூட இடைக்காலத்தில் யாரோ அகழி வெட்டிக் குடியிருந்த இடம்தான். 19ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் இந்தக் கதை அச்சில் இருந்ததாகத் தெரியவில்லை. என் கட்சி: கதையாகச் சொல்லிக்கொள்ளுங்கள், ஃபேஸ்புக்கில் வரலாறாகப் போடாதீர்கள்.

கூரை வீடெல்லாம் எவ்வளவு அழகா பழைய காலத்து மாதிரியே இருக்கு! எந்த நூற்றாண்டு?

எல்லோரும் ஏமாறும் இடம். 1889ஐ ஒட்டிக் கட்டியவை. சென்னை எழும்பூரிலும் சென்ட்ரலிலும் இருக்கும் சிவப்புக் கட்டடங்களின் தலைமுறைதான்.

1885இல் டொனால்ட் கர்ரி என்ற கப்பல் முதலாளி கிளென் லையன் எஸ்டேட்டை விலைக்கு வாங்கினார். பழைய வீடுகளை இடித்துவிட்டு ஊரையே புதிதாக எழுப்பச் சொன்னார். வரைந்து கொடுத்தவர் ஜேம்ஸ் மெக்லாரன். கைவினை அழகை மீட்க வேண்டும் என்று கிளம்பிய கட்டடக் கலைஞர்கள் கூட்டத்தில் ஒருவர். ஸ்காட்லாந்துச் சுவரும் இங்கிலாந்துக் கிராமத்துக் கூரையும் கலந்து அவர் போட்ட திட்டம் இது. 1890இல், நாற்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார். அவர் அலுவலகத்தை எடுத்து நடத்திய டன், வாட்சன் இருவரும் ஹோட்டலையும் தேவாலயத்தையும் கட்டினார்கள். தேவாலயம் முடிந்தது 1902இல்.

அதாவது, ஒரு பணக்காரர் தன் மனதில் இருந்த 'பழைய கிராமத்தை' காசு கொடுத்துக் கட்டிக்கொண்டார். குறை சொல்லவில்லை, வேலை சுத்தம்.

யார் இந்த டொனால்ட் கர்ரி? எங்கேயோ கேட்ட பேரா இருக்கே.

கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால் கேட்டிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் கர்ரி கோப்பை, கிரிக்கெட்டிலும் ரக்பியிலும், இவர் கொடுத்ததுதான். 1862இல் கல்கத்தாவுக்குப் பாய்க்கப்பல் விட்டுத் தொழில் தொடங்கினார். அப்புறம் கேப் டவுனுக்கு நீராவிக் கப்பல். 1900இல் போட்டிக் கம்பெனியோடு இணைந்து யூனியன்-காஸில் ஆனது.

அந்தக் கம்பெனியின் கில்டோனன் காஸில் கப்பலில்தான் 1909 நவம்பரில் காந்தி லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பினார். கப்பலில் இருந்த காகிதத்திலேயே, வலது கை ஓய்ந்தபோது இடது கையால், 'இந்திய சுயராஜ்யம்' எழுதியது அந்தப் பயணத்தில். கர்ரி அதே ஆண்டு ஏப்ரலில் இறந்துவிட்டார். இந்தத் தகவலைச் சொன்னால் ஊரிலிருந்து வந்தவர்கள் கூரை வீடுகளை இன்னொரு தடவை பார்க்கிறார்கள்.

அப்போ நிஜமாவே பழசு எது?

ஊருக்குக் கிழக்கே வயலில் நிற்கும் கற்கள். மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் மூன்று கல்தான் வெளியே தெரியும். கார்க் கண்ணாடி வழியே பார்த்தால் மாடு கட்டுகிற கல் என்று நினைப்பீர்கள். வெண்கலக் காலத்தவை. 1970இல் தோண்டியபோது, இரண்டு தொகுதிகளில் முதலில் எட்டெட்டுக் கல் இருந்தது தெரிந்தது. மற்றவற்றை யாரோ வேண்டுமென்றே சாய்த்துக் குழிவெட்டிப் புதைத்திருந்தார்கள். யார், எப்போது? புதைந்த கல்லோடு விக்டோரியா காலத்துப் பீர் பாட்டில் ஒன்று கிடைத்தது. வேலையாட்கள் தாகத்துக்குக் குடித்துவிட்டுப் போட்டதுதான் ஆய்வாளர்களுக்குத் தேதி சொன்னது.

அடுத்தது தேவாலய வளாகம். இப்போதைய கட்டடம் புதிது, இடம் பழையது. இங்கே ஒரு பழைய மடம் இருந்ததை வானிலிருந்து எடுத்த படங்களில் பயிர் நிறம் மாறித் தெரியும் வளைகோடுகள் காட்டிக்கொடுத்தன. பழைய தேவாலயத்தை இடித்தபோது செதுக்கிய சிலுவைக் கல்துண்டுகளும் கிடைத்தன. இந்தத் தேவாலயம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அந்தக் கோயெடி, அயோனா தீவின் ஆயர், இறந்தது 712இல்.

அந்தப் பழைய கைமணியைப் பார்க்கணுமே?

பார்க்க முடியாது. அந்த மடத்துக் காலத்தது என்று கருதப்பட்ட இரும்புக் கைமணி, தேவாலயச் சுவர் மாடத்தில் கம்பிக்குப் பின்னால் இருந்தது. 2017இல் திருடு போய்விட்டது. ஆயிரம் வருடத்துக்கு மேல் அதே வட்டாரத்தில் இருந்த பொருள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வெள்ளைக்குதிரை, கிழவி, பிணம்னு ஏதோ பேய்க்கதை சொன்னீங்களே?

பேய்க்கதை இல்லை. ஹோட்டலுக்கு எதிரே வயலில் ஒரு மேடு, மேலே ஒரு கல் நிற்கும். கேலிக்கில் 'இறந்தவர்களின் குவியல்' என்று பெயர். 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயில் இறந்தவர்களை இங்கே புதைத்ததாகவும், ஒரு கிழவி வெள்ளைக்குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததாகவும் அங்கே கல்லில் எழுதியிருக்கும். ஊரில் உடம்பு ஓடியாட முடிந்த ஆள் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள் போல.

மேடு அதற்கும் முந்தையது, வெண்கலக் காலப் புதைமேடு. அதன்மேல் ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று, பழைய காலண்டர்ப்படி சவ்வின் என்ற குளிர்காலத் தொடக்கத் திருநாளுக்கு, பெரிய தீ வளர்த்து ஊரே கைகோத்துச் சுற்றிவரும். பையன்கள் கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வயலில் ஓடுவார்கள். 1924 வரை நடந்தது. தீக்கு வேண்டிய முட்புதரை வெட்டிவிடுவதால் வேட்டைப் பறவைகளுக்கு மறைவிடம் இல்லை என்று எஸ்டேட் வேட்டைக் காவலர்கள் ஆட்சேபித்து நிறுத்தினார்கள் என்பார்கள்.

இவ்வளவு சின்ன ஊருக்கு இலக்கியத்துல என்ன இடம்?

என்னைக் கேட்டால் ஃபோர்ட்டிங்காலின் பெரிய சொத்து இதுதான், மரம்கூட அடுத்தபடி. 1512 முதல் 1542 வரை இங்கே ஜேம்ஸ் மெக்ரெகர் என்பவர், தம்பி டங்கனோடு சேர்ந்து, கேலிக் கவிதைகளைத் தேடித் தேடிப் பிரதி எடுத்தார். லிஸ்மோர் என்ற தீவின் தேவாலய டீனாகவும் (தலைமைக் குருவாகவும்) இருந்ததால் 'லிஸ்மோர் டீனின் நூல்' என்று பெயர் வந்துவிட்டது. எழுதப்பட்டது என்னவோ இங்கேதான். வீரர் பாடல், பக்தி, பழிப்பு, கொச்சை எதையும் ஒதுக்கவில்லை. பல கவிதைகள் இந்த ஒரே பிரதியில்தான் பிழைத்திருக்கின்றன. இப்போது எடின்பரோ தேசிய நூலகத்தில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கேலிக்கை அதன் மரபான எழுத்துமுறையில் எழுதாமல், ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்ஸ் மொழியின் எழுத்துக்கூட்டில், காதில் விழுந்தபடி எழுதினார்கள். நாம் தங்கிலீஷில் மெசேஜ் அடிப்போமே, அந்த மாதிரி. அதனால் அறிஞர்கள் இன்றுவரை தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அன்றைக்கு வாயில் எப்படி ஒலித்தது என்பதும் அதில் பதிவாகிவிட்டது.

அதில் ஒரு கவிதை அஃப்ரிக் என்ற பெண் பாடியது, 1470 வாக்கில். கணவன் இறந்துவிட்டான். அவன் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்து, என் கண்ணீரை எழுப்பிவிட்ட மாலையே என்று தொடங்குகிறாள். நம் இலக்கணத்தில் கையறுநிலை என்போம்.

கிளென்கோ படுகொலை பண்ணினது இந்த ஊர் ஆளாமே?

இந்தப் பள்ளத்தாக்கின் ஆள். கிளென் லையன் ராபர்ட் கேம்ப்பெல். குடியிலும் சூதாட்டத்திலும் சொத்தைத் தொலைத்தவர். மிச்சம் இருந்ததையும் 1689இல் கிளென்கோ மெக்டொனால்டுகள் வந்து மாடு கன்று உட்பட ஓட்டிக்கொண்டு போனார்கள். அறுபதை நெருங்கும் வயதில் பிழைப்புக்காகப் படையில் சேர்ந்தார்.

1692 பிப்ரவரியில் சுமார் 120 வீரர்களோடு கிளென்கோவில் அதே மெக்டொனால்டுகளின் வீடுகளில் தங்கினார். பன்னிரண்டு நாள் சாப்பாடு, சீட்டாட்டம். அவருடைய உறவுக்காரப் பெண்ணே அந்தத் தலைவரின் மருமகள். 13ஆம் தேதி விடியற்காலை உத்தரவுப்படி வெட்டத் தொடங்கினார்கள். 38 பேர் செத்ததாகக் கணக்கு. பனியில் ஓடிச் செத்தவர்கள் தனி. உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தது, மன்னர் மூன்றாம் வில்லியம் கையெழுத்திட்டது. ஆனாலும் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்ற பெயர் கேம்ப்பெல்லுக்கே நிலைத்துவிட்டது.

மெக்ரெகர்னு சொன்னீங்களே, அவங்க பரம்பரை இன்னும் இங்கே இருக்கா?

அந்தப் பெயரையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். கிளென் ஃப்ரூயினில் நடந்த சண்டைக்குப் பிறகு 1603இல் மெக்ரெகர் என்ற பெயரை யார் வைத்திருந்தாலும் மரண தண்டனை என்றார்கள். நடுவில் சில காலம் தளர்த்தி, மறுபடி போட்டு, கடைசியாக நீக்கியது 1774இல். கேலிக் இலக்கியத்தைக் காப்பாற்றியவரின் குடும்பப் பெயரை 170 வருடம் உச்சரிக்கக் கூடாது என்றால் எப்படி இருக்கும்?

இந்த மலைகளில் ஆள் குறைந்ததற்கு வேறு காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் குடியானவர்களைக் கிளப்பிவிட்டு ஆடு விட்டார்கள். பெர்த்ஷயரின் கேலிக் பேச்சும் அவர்களோடு தேய்ந்து, இன்று வழக்கில் இல்லை. வயலில் புல் மூடிய கல்சுவர்க் கோடுகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் வீடுகள்.

கல்லை வீட்டுக்குள்ள வச்சு வெளியே எடுக்கற வழக்கம் இங்கேதானா?

பள்ளத்தாக்கின் மறுகோடியில், லையன் ஏரிக்கும் அப்பால். கிழவி, கிழவன், மகள் என்று பெயர் வைத்த, தண்ணீர் தேய்த்த கற்கள். ஒரு சின்னஞ்சிறு கல்வீட்டுக்குள் குளிர்காலம் முழுக்க இருக்கும். மே மாதம் பிறக்கும்போது வெளியே எடுத்து வைப்பார்கள், நவம்பர் பிறக்கும்போது உள்ளே வைத்து அடைப்பார்கள். மாடு மலைக்குப் போய்த் திரும்பும் கணக்கும் அதுவே. சாலை அணையோடு முடிந்துவிடும். அதற்குமேல் நெடுந்தூரம் நடை. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு முயற்சி செய்யாதீர்கள். நான் ஒருமுறை பாதி வழியில் மழையில் நனைந்து திரும்பியவன்.

எப்போ போனா நல்லா இருக்கும்? பஸ் இருக்கா?

பஸ்ஸை நம்பாதீர்கள், சொந்த வண்டியோ வாடகை வண்டியோதான். மே முதல் அக்டோபர் வரை நல்லது. இலை நிறம் மாறும் அக்டோபருக்கே என் ஓட்டு. ஃபோர்ட்டிங்காலைத் தாண்டிக் கிளென் லையனுக்குள் போகும் சாலை ஒற்றை வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்தில் நின்று வழிவிடுங்கள், அவர் கையைத் தூக்கினால் நீங்களும் தூக்குங்கள்.

மரத்தடியில் பத்து நிமிடம், கற்களுக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலுக்குள் இறங்குவதானால் வாயில்படலைத் திறந்தபடி விடாதீர்கள். ஆடு சாலைக்கு வந்துவிடும்.